ஒரே குளுக்கோஸ், ஒன்று மாவாகிறது, ஒன்று மரமாகிறது. எப்படி?

இலைநரம்பு:

வணக்கம். உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். கார்போஹைட்ரேட், புரதம், லிப்பிடு, நியூக்ளிக் அமிலம் நான்கையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டேன். எதன் அலகு எது, எந்தப் பிணைப்பு எதில் வரும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் "ஏன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் வாய் அடைத்துப்போகிறது.

முதலில் இது. மாவுச்சத்தும் செல்லுலோஸும் இரண்டுமே வெறும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஒன்றில் ஆல்ஃபா 1-4 பிணைப்பு, இன்னொன்றில் பீட்டா 1-4 பிணைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஒரு ஹைட்ராக்சில் (OH தொகுதி) மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்காக ஒன்று கரைந்து செரிக்கிற உணவாகவும் இன்னொன்று பஞ்சாகவும் மரக்கட்டையாகவும் ஆகிவிடுமா? எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்புறம், செல்லுக்கு வேண்டியது குளுக்கோஸ் என்றால் அதைக் குளுக்கோஸாகவே வைத்துக்கொள்ளலாமே, எதற்கு மெனக்கெட்டுக் கோத்து மறுபடியும் அவிழ்க்க வேண்டும்? புரதத்தைப் பற்றியும் கேள்வி இருக்கிறது, இதற்குப் பதில் வந்ததும் கேட்கிறேன்.

---

நூற்கண்டு:

நம்ப முடியவில்லை என்று சொன்னீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயமே இருக்கிறது, அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

ஒரு காகிதத்தில் குளுக்கோஸ் வளையத்தை அறுகோணமாக வரையுங்கள். வலது மூலையில் 1-ஆம் கார்பன், இடது மூலையில் 4-ஆம் கார்பன். 4-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் கீழ்நோக்கி இருக்கும், இது மாறாது. 1-ஆம் கார்பனில் மட்டும் கீழே இருந்தால் ஆல்ஃபா, மேலே இருந்தால் பீட்டா. இப்போது பக்கத்தில் இன்னொரு வளையம் வரைந்து முதல் வளையத்தின் 1-ஐயும் இரண்டாவதின் 4-ஐயும் இணைத்துப் பாருங்கள். ஆல்ஃபாவில் இரண்டு கையும் கீழே இருப்பதால் வளையத்தை அப்படியே வைத்துக் கோக்கலாம். பீட்டாவில் ஒரு கை மேலே, ஒரு கை கீழே, எட்டாது. அடுத்த வளையத்தைத் தலைகீழாகப் புரட்டினால்தான் சேரும். அதற்கடுத்தது மறுபடி நேராக, அதற்கடுத்தது தலைகீழாக, இப்படியே போகும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் இடதுபக்கமாகவே கொஞ்சம் திரும்பினால் கடைசியில் வட்டமடித்து நிற்பீர்கள். இடம் வலம் இடம் வலம் என்று மாறி மாறித் திரும்பினால் மொத்தத்தில் நேராகப் போய்விடுவீர்கள். ஆல்ஃபாச் சங்கிலி முதல் ஆள், எப்போதும் ஒரே பக்கம் வளைவதால் சுருளாகிவிடுகிறது, சுமார் 6 குளுக்கோஸுக்கு ஒரு சுற்று. பீட்டாச் சங்கிலி இரண்டாவது ஆள், வளைவு வளைவோடு கழிந்து கம்பி மாதிரி நேராக நீள்கிறது.

நேரான சங்கிலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கலாம், அடுக்கியதும் ஒன்றின் ஹைட்ராக்சிலுக்கும் மற்றதன் ஆக்சிஜனுக்கும் நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு விழுகிறது. தனியாக எடுத்தால் அது பலவீனமான பிணைப்புதான். ஆனால் ஒரு சங்கிலியில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் அப்படிப் பிணைப்பு விழுந்து, இப்படிப் பல சங்கிலி சேர்ந்து ஒரு நுண்ணிழையாகும்போது தண்ணீர் உள்ளே புக இடமே இல்லை. தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் இத்தனை இருந்தும் பஞ்சு தண்ணீரில் நனைகிறதே தவிர கரைவதில்லை, காரணம் இதுதான். மாவுச்சத்தின் சுருளில் இப்படி இறுக்கமான அடுக்கு கிடையாது, தண்ணீரும் நொதியும் எளிதாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

செரிமானமும் இதே கதைதான். நம் அமிலேஸ் நொதியின் குழிவு ஆல்ஃபா வளைவுக்கென்றே அமைந்தது, நேரான சங்கிலி அதில் உட்காராது. பீட்டாவை வெட்டும் செல்லுலேஸ் நொதி நம் உடலில் கிடையாது. மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது, அதனால்தான் மாடு புல்லில் வாழ்கிறது.

ஆய்வகத்தில் அயோடின் சோதனை செய்திருப்பீர்கள். அந்தக் கருநீலம் வருவதே அயோடின் அந்தச் சுருளின் உள்ளே வரிசையாகப் போய் உட்காருவதால்தான். அடுத்த முறை செய்யும்போது நீலமான சோதனைக்குழாயைச் சூடாக்கிப் பாருங்கள். நிறம் போய்விடும், சுருள் தளர்ந்து அயோடின் வெளியே வந்துவிட்டது. ஆறவிட்டால் நீலம் தானாகத் திரும்பி வரும். நான் முதல்முறை அதைப் பார்த்தபோது குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நான்கைந்து தடவை திரும்பத் திரும்பச் செய்தேன். மூலக்கூறின் வடிவம் கண்ணுக்குத் தெரிகிற இடங்கள் ரொம்பக் குறைவு, இது அதில் ஒன்று.

---

வெப்பமானி:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஏன் கோக்க வேண்டும் என்பதற்குப் பதில் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது உள்ளே கரைந்த துகள் அதிகமானால் சவ்வு வழியே தண்ணீர் உள்ளே இழுக்கப்படுவது.

கல்லீரல் செல் கிளைக்கோஜனாக (விலங்கின் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்) சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை எல்லாம் தனித்தனியாக அவிழ்த்துவிட்டால் அதன் செறிவு சுமார் 0.4 மோலார் வரும். இரத்தத்தில் குளுக்கோஸ் சுமார் 0.005 மோலார்தான். இப்படி ஒரு நிலை வந்தால் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வெடித்துவிடும். அதே குளுக்கோஸ் கிளைக்கோஜனாக இருக்கும்போது அந்தக் கிளைக்கோஜனின் செறிவு வெறும் மைக்ரோமோலார் அளவில்தான், ஏனென்றால் சவ்வூடு பரவல் அழுத்தத்துக்குத் துகள் எத்தனை என்பதுதான் கணக்கு, எவ்வளவு பெரியது என்பது இல்லை. பல ஆயிரம் குளுக்கோஸ் சேர்ந்து ஒரே துகளாகிவிட்டால் தண்ணீரைப் பொறுத்தவரை அது ஒன்றுதான்.

இன்னொன்று, கிளைகள். கிளைக்கோஜனில் 8 முதல் 12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை, தாவர மாவுச்சத்தின் அமைலோபெக்டினில் 24 முதல் 30-க்கு ஒன்று. உடைக்கும் நொதி முனையிலிருந்துதான் ஒவ்வொன்றாக எடுக்கும், ஆகவே முனை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம். ஒரு கிளைக்கோஜன் துகளில் சுமார் 55,000 குளுக்கோஸும் சுமார் 2,000 முனைகளும் இருக்கும், 2,000 இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடக்கலாம். திடீரென்று ஓட வேண்டிய விலங்குக்கு இது தேவை, மரத்துக்கு இந்த அவசரம் இல்லை.

புத்தகத்தில் வருகிற ஒரு படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது நெடுநாள் குழப்பம் கொடுத்தது. ஒரு அலகிலிருந்து ஹைட்ராக்சில், இன்னொன்றிலிருந்து ஹைட்ரஜன், இரண்டும் தண்ணீராகப் போய்ப் பிணைப்பு உருவாகும் என்று போட்டிருப்பார்கள். கணக்கு சரி. ஆனால் செல்லுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர், அந்த நிலையில் தண்ணீரை வெளியே தள்ளும் வினை தானாக நடக்காது, மேட்டில் ஏறுகிற வினை அது. அதனால் செல் முதலில் ஆற்றலைச் செலவழித்து அலகைத் தயார்ப்படுத்துகிறது. குளுக்கோஸ் யு.டி.பி. என்ற நியூக்ளியோடைடோடு சேர்ந்து வரும், அமினோ அமிலம் அதைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ.யின் மேல் ஏறி வரும், நியூக்ளியோடைடு மூன்று பாஸ்பேட்டோடு வரும். மூன்றிலும் ஒரே உத்தி.

---

இலைநரம்பு:

நூற்கண்டு, காகிதத்தில் வரைந்தது போதாமல் அறுகோணங்களை வெட்டி ஒரு பக்கம் வண்ணம் அடித்து அடுக்கிப் பார்த்தேன். பீட்டாவில் வண்ணப்பக்கம், வெள்ளைப்பக்கம், வண்ணப்பக்கம் என்று மாறி மாறி வந்தது. இரண்டு மாதமாகப் படித்தும் புரியாதது பத்து நிமிடத்தில் புரிந்தது, ரொம்ப நன்றி. வெப்பமானி, அந்த 0.4 மோலார் கணக்கை யாருமே வகுப்பில் சொல்லவில்லை.

இப்போது புரதம். "வடிவம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. அந்த வடிவத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? புரதம் தயாரிக்கும் ரைபோசோமிலிருந்து வருவது ஒரு நீண்ட சங்கிலி மட்டும்தானே, அதற்கு எப்படி மடிய வேண்டும் என்று எப்படித் தெரியும்? கூடவே ஒரு சின்னக் கேள்வி, லிப்பிடு பெருமூலக்கூறா இல்லையா? இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாகப் போட்டிருக்கிறது.

---

மூன்றாம் இழை:

யாரும் சொல்லித் தருவதில்லை, அமினோ அமில வரிசையிலேயே மடிப்பு இருக்கிறது. இதைக் காட்டியது கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் ரைபோநியூக்ளியேஸ் சோதனை, உயிர்வேதியியலில் இவ்வளவு எளிமையாக இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்ன சோதனை வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். 1972-இல் நோபல் பரிசு பெற்றார்.

ரைபோநியூக்ளியேஸ் ஆர்.என்.ஏ.யை வெட்டும் நொதி, அதில் 124 அமினோ அமிலங்கள், அவற்றில் 8 சிஸ்டீன், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து 4 டைசல்பைடு (கந்தகம்-கந்தகம்) பிணைப்பு. யூரியாவை ஊற்றி மடிப்பைக் குலைத்தார், மெர்காப்டோ எத்தனால் சேர்த்து டைசல்பைடுகளையும் வெட்டினார். நொதி வெறும் நூலாகிவிட்டது, வேலை நின்றது. பிறகு இரண்டையும் மெல்ல நீக்கினார். நொதி தானாக மடிந்து மறுபடி வேலை செய்தது! இதோடு நின்றிருந்தால்கூடப் போதும், ஆனால் இன்னொன்றும் செய்தார்கள். யூரியா இருக்கும்போதே டைசல்பைடுகளை மறுபடி சேரவிட்டார்கள். 8 சிஸ்டீனை ஜோடி சேர்க்க 105 வழிகள் உண்டு, சரியானது ஒன்றுதான். எந்த வழிகாட்டலும் இல்லாமல் ஜோடி சேர்ந்ததால் கிடைத்த செயல்திறன் சுமார் 1 சதவீதம், அதாவது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் என்ன கிடைக்குமோ அதுதான். யூரியாவை எடுத்துவிட்டுத் துளி மெர்காப்டோ எத்தனால் சேர்த்ததும் தப்பான ஜோடிகள் உடைந்து மாறி மாறிச் சேர்ந்து கடைசியில் சரியான ஜோடியில் வந்து நின்றன.

மடிப்பின் உந்துதல் பெரும்பாலும் தண்ணீர். 20 அமினோ அமிலங்களில் சிலவற்றின் பக்கச் சங்கிலி தண்ணீரோடு ஒட்டாது, அவை உள்ளே போய்ப் பதுங்கும், மின்னூட்டம் உள்ளவை வெளியே நிற்கும். இதோடு சங்கிலியின் எலும்புக்கூட்டின் கட்டுப்பாடும் உண்டு. அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, அது சுழலாது, அதன் இரண்டு பக்கமும் உள்ள பிணைப்புகள் மட்டும் சுழலும், அவையும் எல்லாக் கோணத்திலும் சுழல முடியாது, அணுக்கள் இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் முடியும் எவை முடியாது என்பதை ஒரே வரைபடத்தில் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும், 1963-இல். இன்றைக்கும் புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தால் சரிபார்க்க முதலில் எடுப்பது ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான்.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபாச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலம், இரண்டு பீட்டாச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் 146, மொத்தம் 574. அரிவாள் செல் நோயில் பீட்டாவின் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் இருக்கிறது, இந்த ஒற்றை மாற்றத்தைக் கண்டறிந்தவர் வெர்னான் இங்கிராம், 1950-களில். குளுட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் உள்ளது, தண்ணீரில் நிம்மதியாக நிற்கும். வேலின் தண்ணீரை விலக்கும், ஆனால் அது நிற்பது வெளிப்பரப்பில். ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபினின் வடிவம் சற்று மாறும், அப்போது பக்கத்து ஹீமோகுளோபினில் தண்ணீரை விலக்கும் ஒரு குழிவு திறக்கிறது, இந்த வேலின் அதில் போய்ச் செருகிக்கொள்கிறது. அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது என்று கோத்துக் கோத்து நீண்ட இழைகளாகிச் சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறினால் குழிவு மூடிக்கொள்ளும், இழையும் கலையும். நோயாளிக்கு ஆக்சிஜன் குறையும்போது ஏன் வலி கூடுகிறது என்பதன் வேர் அங்கே இருக்கிறது.

கொலாஜன் இன்னொரு மாதிரி. மூன்று சங்கிலி முறுக்கிய கயிறு, இந்த மூவிழை அமைப்பை முன்வைத்ததும் ராமச்சந்திரன்தான், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல். அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வரும், ஏனென்றால் மூன்று இழையும் சந்திக்கும் நடுவில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் இடமே இல்லை, பக்கச் சங்கிலியாக வெறும் ஹைட்ரஜன் உள்ள ஒரே அமினோ அமிலம் கிளைசின். அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்தால் கயிறு சரியாக முறுக்கேறாது, எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் பலருக்கு இப்படித்தான் வருகிறது.

---

நீர்த்துளி:

லிப்பிடு கேள்விக்குச் சுருக்கமாக. கண்டிப்பாகப் பார்த்தால் அது பெருமூலக்கூறு இல்லை. ஒரு கொழுப்பு மூலக்கூறின் நிறை சுமார் 850 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு), ஹீமோகுளோபின் சுமார் 64,500. தவிர, லிப்பிடில் திரும்பத் திரும்ப வரும் அலகு கிடையாது, ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம் ஒட்டியதோடு முடிந்தது, பாலிமர் இல்லை. மற்ற மூன்றோடு சேர்த்துச் சொல்வது பாடம் நடத்த வசதி என்பதால்தான், தேர்வில் உங்கள் புத்தகம் சொல்வதை எழுதிவிடுங்கள், மனத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் செல் சவ்வை நினைத்துப் பாருங்கள். சுமார் 5 நானோமீட்டர் தடிமன், செல் முழுவதையும் சுற்றி வளைக்கிறது, அதன் லிப்பிடுகளுக்கு நடுவே ஒரு சகப்பிணைப்புகூடக் கிடையாது. தண்ணீர் ஒதுக்கித் தள்ளுவதால் அவற்றின் கொழுப்பு அமில வால்கள் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் சவ்வில் சின்ன ஓட்டை விழுந்தாலும் தானாக மூடிக்கொள்கிறது, லிப்பிடுகள் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கின்றன.

---

வெப்பமானி:

மூன்றாம் இழை சொன்னதில் ஒரு திருத்தம் சேர்க்கலாமா? அன்ஃபின்சன் சோதனை சின்னப் புரதத்துக்கு அழகாகப் பொருந்தும். செல்லுக்குள் நெரிசல் அதிகம், பெரிய புரதங்கள் பாதி மடிந்த நிலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் சாப்பரோன் என்ற துணைப் புரதங்கள் உண்டு, சில வகை அரைகுறைச் சங்கிலியைத் தனி அறைக்குள் வைத்து மடிய விடுகின்றன. வடிவத்தை அவை சொல்லித் தருவதில்லை, இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்கின்றன. தப்பாக மடிந்த புரதத்தால் வரும் பிரியான் நோயில் ஒரே வரிசை உள்ள புரதம் இரண்டாவது ஒரு வடிவத்திலும் நிலைத்துவிடுகிறது, அதனால் "வரிசை ஒன்று, வடிவம் ஒன்று" என்று அடித்துச் சொல்ல முடியாது.

---

மூன்றாம் இழை:

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன்.

---

இலைநரம்பு:

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கிளைசினுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டேன். இந்த வேகத்திலேயே கடைசியாக ஒன்று. ஆர்.என்.ஏ.யில் யுராசில், டி.என்.ஏ.வில் தைமின். தைமின் என்பது ஒரு மெத்தில் ஒட்டிய யுராசில்தானே, இரண்டுமே அடினினோடுதான் சேர்கிறது. எதற்கு இந்தக் கூடுதல் மெத்தில்?

---

நூற்கண்டு:

நல்ல கேள்வி, இதற்குப் பதில் தைமினில் இல்லை, சைட்டோசினில் இருக்கிறது.

குவானினோடு ஜோடி சேரும் சைட்டோசின் நிலையானது இல்லை. தண்ணீரிலேயே அதன் அமினோ தொகுதி எப்போதாவது கழன்று யுராசிலாக மாறிவிடும். பாலூட்டியின் ஒரு செல்லில் நாளொன்றுக்குச் சுமார் 100 இடங்களில் இப்படி நடக்கிறது. திருத்தாமல் விட்டால் அடுத்த முறை நகலெடுக்கும்போது குவானினுக்குப் பதில் அடினின் வந்து உட்காரும், செய்தி மாறிவிடும். டி.என்.ஏ.வில் இயல்பாகவே யுராசில் இருந்திருந்தால் எது சொந்த யுராசில், எது சைட்டோசின் கெட்டு வந்த யுராசில் என்று பழுதுபார்க்கும் நொதி எப்படிக் கண்டுபிடிக்கும்? தைமினுக்கு மெத்தில் ஒரு அடையாளக் குறி. மெத்தில் இல்லாத யுராசில் எங்கே தெரிந்தாலும் அது கெட்டது என்று பொருள். ஒரு நொதி இழையில் அதைத் தேடிப் பிடித்து அறுத்து எடுக்கிறது, அந்த நொதியை 1974-இல் கண்டுபிடித்தவர் தோமாஸ் லிண்டால். டி.என்.ஏ. பழுதுபார்ப்புக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவர் ஒருவர்.

ஆர்.என்.ஏ.வுக்கு இந்தச் செலவு வேண்டாம், அது கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு உடைந்துபோகிற நகல், பழுது வந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். அது சீக்கிரம் உடைவதற்கும் அமைப்பிலேயே காரணம் உண்டு. அதன் சர்க்கரையின் 2-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது, காரம் பட்டால் அதுவே பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கிச் சங்கிலியை அறுத்துவிடும். டி.என்.ஏ.வின் பெயரிலேயே வரும் "டிஆக்ஸி" என்பது அந்த ஒரு ஆக்சிஜன் அங்கே இல்லை என்பதுதான். ஆய்வகத்தில் இரண்டையும் தனித்தனிக் குழாயில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் வைத்து மறுநாள் பாருங்கள், டி.என்.ஏ. இரண்டு இழையாகப் பிரிந்திருக்கும், சங்கிலி அறுந்திருக்காது. ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும்.